லிங்கனும் எங்கள் வாத்தியாரும் பெரிய மார்க்கெட்டும்

"ஏம்பா, கடைசியில லிங்கனையும் விட்டுவைக்க மாட்டீங்களா?"

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில், கையில் ஒயர் கூடையோடு சேப்பங்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்த என் பழைய வாத்தியார் கேட்ட கேள்வி இது. ஞாயிற்றுக்கிழமை. காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் பரப்பியிருந்தார்கள். பிளாட்பாரத்துப் பழைய புத்தகக் குவியலில் பத்து ரூபாய்க்கு ஒரு லிங்கன் வாழ்க்கை வரலாறு எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். சிறுவர்களுக்கானது. அட்டையில் தாடி வைத்த லிங்கன் நிமிர்ந்து நிற்கிறார். அவர் காலடியில் ஒரு கறுப்பு மனிதன் முட்டி போட்டிருக்கிறான். அறுந்த விலங்கு பக்கத்தில் கிடக்கிறது.

வாத்தியார் அட்டையைப் பார்த்து, "நல்ல புத்தகம்பா, புள்ளைங்களுக்குக் குடு" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "இந்தப் படமே தப்புங்க சார்" என்று சொல்லிவிட்டேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி. கிழங்குக் கடைக்காரர் தராசைப் பிடித்தபடி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

எனக்கும் வாத்தியாருக்கும் லிங்கன் விஷயத்தில் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. ஏழாவது படிக்கும்போது பேச்சுப் போட்டி. லிங்கன் தன் மகனின் ஆசிரியருக்கு எழுதியதாகச் சொல்லப்படுகிற கடிதத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்தேன். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் அந்தக் கடிதத்தைக் கேட்காத பள்ளிப் பிள்ளை இருக்க முடியாது. பல பள்ளிகளில் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்கள். (லிங்கன் அப்படி ஒரு கடிதம் எழுதியதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அவருடைய எழுத்துத் தொகுதிகளில் அது கிடையாது. நமக்குக் கிடைத்த லிங்கனில் பாதி நாமே செய்துகொண்டவர்.) எனக்கு முதல் பரிசு, ஒரு சில்வர் டம்ளர். வாத்தியார் முதுகில் தட்டிக் கொடுத்துச் சொன்னார்: "கறுப்பருங்களுக்கு ஒரு லிங்கன் வந்தாரு. உங்க சனங்களுக்கு ஒரு காந்தி வந்தாரு. ரெண்டு பேரையும் மறக்கக் கூடாது, என்ன?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தவர் அவர். ஆனால் "உங்க சனங்க" என்ற அந்த வார்த்தை டம்ளரோடு சேர்ந்து வீட்டுக்கு வந்தது. கொடுத்தவர்கள் ஒரு பக்கம், வாங்கிக்கொண்டவர்கள் ஒரு பக்கம். நாங்கள் வாங்கிக்கொண்டவர்கள்.

ராத்திரி ஆயாவுக்குப் பேசிக் காட்டினேன். ஆயா இந்தப் பெரிய மார்க்கெட்டில், ரங்கப்பிள்ளை வீதிப் பக்கம், வாசலுக்கு வெளியே சாக்கு விரித்துக் கீரை விற்றவள். உள்ளே கடை கிடையாது. தினமும் அடிக்காசு கட்டிவிட்டு உட்காருவாள். எழுத்துத் தெரியாது. நான் கைகளை ஆட்டி ஆட்டிப் பேசி முடித்ததும் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டாள்: "அந்தாளு அவுத்து வுட்டாருன்ற. செரி. அதுக்கு முன்ன கட்டி வச்சது யாரு?"

இந்தக் கட்டுரை ஆயாவின் அந்தக் கேள்விக்குத்தான்.

1

அமெரிக்காவைக் கட்டியவர்கள் என்று கொண்டாடப்படும் குடியரசுத் தலைவர்களில் 12 பேர் வாழ்வின் ஏதாவது ஒரு கட்டத்தில் மனிதர்களை உடைமையாக வைத்திருந்தவர்கள். அதில் 8 பேர் பதவியில் இருக்கும்போதே அடிமைகளை வைத்திருந்தார்கள். ஜார்ஜ் வாஷிங்டன் 1799ல் சாகும்போது அவருடைய மவுண்ட் வெர்னன் பண்ணையில் 317 அடிமைகள் இருந்தார்கள். எல்லா மனிதர்களும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று விடுதலைப் பிரகடனத்தில் எழுதிய தாமஸ் ஜெபர்சன் தன் ஆயுளில் 600க்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தவர். அவர்களில் ஒருவரான சாலி ஹெமிங்ஸ் என்ற பெண்ணுக்குப் பிறந்த பிள்ளைகளின் தகப்பன் ஜெபர்சன்தான் என்று கறுப்பர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். பெரிய வரலாற்று ஆசிரியர்கள் அதை வேலைக்காரர்களின் வம்பு என்று தள்ளிவிட்டார்கள். 1998ல் மரபணுச் சோதனை வந்தது. 2000ல் ஜெபர்சன் நினைவு இல்லத்தை நடத்தும் அறக்கட்டளையே அதை ஏற்றுக்கொண்டது. 200 வருஷம் வாய்மொழியாக வந்த உண்மை ஆய்வுக்கூடத்தில் நுழைந்த பிறகுதான் வரலாறு ஆனது. சேரியின் வாய்மொழிக்கு என்ன மரியாதை என்பது நமக்குத் தெரியும். ஆகவே இதில் ஆச்சரியம் இல்லை.

இவர்களோடு ஒப்பிட்டால் லிங்கன் வேறு ஆள். அவரிடம் அடிமைகள் இல்லை. அடிமை முறை தவறு என்று வெளிப்படையாகப் பேசியவர். அதனால்தான் வாத்தியாருக்குக் கோபம்.

என்ன நடந்தது என்று வரிசையாகப் பார்ப்போம். 1858ல் தேர்தல் மேடையில் லிங்கன், வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் சமூக, அரசியல் சமத்துவம் கொண்டுவரும் நோக்கம் தனக்கு இல்லை என்று கூட்டத்துக்கு உறுதி சொன்னார். 1861ல் பதவிக்கு வந்தார். தென் மாநிலங்கள் பிரிந்து போய்ப் போர் தொடங்கியது. 1862 ஏப்ரலில் தலைநகர் வாஷிங்டனில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. நஷ்டஈடு கொடுத்தார்கள், ஓர் அடிமைக்கு 300 டாலர் வரை. வாங்கியது அடிமைப்பட்டவன் இல்லை, ஆண்டை. அதே வருஷம் ஆகஸ்ட் 14ந் தேதி கறுப்பர் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு வரவழைத்து, இரண்டு இனமும் சேர்ந்து வாழ்வது இரண்டுக்கும் நல்லதில்லை, நீங்கள் மத்திய அமெரிக்காவுக்குக் குடிபோவதைப் பற்றி யோசியுங்கள் என்றார். ஆகஸ்ட் 22ந் தேதி ஹொரேஸ் கிரீலி என்ற பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு பதில் எழுதினார். என் முதல் வேலை நாட்டின் ஒற்றுமையைக் காப்பது. ஓர் அடிமையைக்கூட விடுவிக்காமல் அது முடியுமென்றால் அப்படிச் செய்வேன், எல்லாரையும் விடுவித்தால்தான் முடியுமென்றால் அப்படிச் செய்வேன் என்பது அதன் சாரம். 1863 ஜனவரி 1ந் தேதி விடுதலை அறிவிப்பு வந்தது. அதுவும் எதிரியின் கையில் இருந்த பகுதிகளுக்கு மட்டும். லிங்கனோடு நின்ற எல்லை மாநிலங்களின் அடிமைகள் அடிமைகளாகவே இருந்தார்கள். முழு ஒழிப்பு 1865 டிசம்பரில், 13வது சட்டத் திருத்தத்தில்தான் வந்தது. அப்போது லிங்கன் உயிரோடு இல்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். லிங்கன் நின்ற இடத்திலேயே நின்றவர் இல்லை. 1865 ஏப்ரல் 11ந் தேதி பேசிய கடைசிப் பேச்சில், படித்த கறுப்பர்களுக்கும் படையில் சேர்ந்த கறுப்பர்களுக்கும் ஓட்டுரிமை வேண்டும் என்றார். கூட்டத்தில் நின்று அதைக் கேட்டவன்தான் மூன்றாம் நாள் அவரைச் சுட்டுக் கொன்றான். ஆக, இவர் இனவெறியர் என்று ஒரு வரியில் முடிப்பதும் சோம்பேறித்தனம். விடுதலை செய்த வள்ளல் என்று முடிப்பதும் அதே சோம்பேறித்தனம்.

எதனால் அவர் நகர்ந்தார்? போர் தொடங்கிய அடுத்த மாதம், 1861 மே மாதத்தில், வர்ஜீனியாவில் மூன்று அடிமைகள் ராத்திரியில் படகேறித் தப்பித்து மன்றோ கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். பிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லரி, ஜேம்ஸ் டவுன்சென்ட். ஆண்டையின் ஆள் வந்து திருப்பிக் கேட்டான். கோட்டைத் தளபதி கொடுக்க மறுத்துவிட்டார். செய்தி பரவியது. நூற்றுக்கணக்கில், பிறகு ஆயிரக்கணக்கில் சனங்கள் பிள்ளை குட்டிகளோடு ஓடிவந்தார்கள். வந்தவர்களை என்ன செய்வது என்று தெரியாமல் அரசாங்கம் சட்டம் போட்டது. அந்தச் சட்டங்களின் வழியாகத்தான் விடுதலை அறிவிப்பு வந்தது. பிறகு சுமார் 1,80,000 கறுப்பர்கள் படையில் சேர்ந்து சண்டை போட்டார்கள். கதவை முதலில் இடித்தது உள்ளே இருந்தவர்கள். லிங்கன் தாழ்ப்பாளைத் திறந்தார். தாழ்ப்பாளைத் திறந்ததும் பெரிய காரியம்தான். ஆனால் சிலையில் இடித்தவன் முட்டி போட்டிருக்கிறான், திறந்தவர் நிற்கிறார்.

2

என் பத்து ரூபாய்ப் புத்தகத்தின் அட்டைப்படம் நிஜமான ஒரு சிலையைப் பார்த்து வரைந்தது. 1876 ஏப்ரல் 14ந் தேதி வாஷிங்டனில் திறந்தார்கள். விடுதலையான கறுப்பர்கள் தங்கள் கூலிக் காசில் கொடுத்த பணத்தில் எழுந்த சிலை அது. முதல் அய்ந்து டாலரைக் கொடுத்தவர் சார்லட் ஸ்காட் என்ற பெண். பணம் கொடுத்தவர்களிடம் சிலை எப்படி இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

திறப்பு விழாவில் பேசியவர் பிரெடரிக் டக்ளஸ். அடிமையாகப் பிறந்து, தப்பித்து, எழுதப் படிக்கத் தானே கற்று, அமெரிக்காவையே ஆட்டிய பேச்சாளர். எதிரே நாட்டின் தலைவர் கிராண்ட் உட்கார்ந்திருக்கிறார். அந்த மேடையில் நின்று டக்ளஸ், லிங்கன் முதலில் வெள்ளையர்களின் தலைவர், நாங்கள் அவருக்கு மாற்றாந்தாய்ப் பிள்ளைகள்தான் என்று சொன்னார். அதே பேச்சில், அவர் நின்ற இடத்தையும் அவருக்கு இருந்த நெருக்கடியையும் வைத்துப் பார்த்தால் அவர் உறுதியானவர் என்றும் சொன்னார். நன்றியையும் கணக்கையும் ஒரே மேடையில் வைத்தார். லிங்கனின் மறுவாசிப்பு இன்றைக்குக் கிளம்பிய மோஸ்தர் என்று நினைப்பவர்கள் இந்த வருஷத்தைக் கவனிக்க வேண்டும். 1876.

1922 மே மாதம் வாஷிங்டனில் லிங்கனுக்குப் பெரிய நினைவு மண்டபம் திறந்தார்கள். விழாவுக்கு வந்த கறுப்பர்களைத் தனியாகப் பிரித்து உட்கார வைத்தார்கள். அடிமைகளை விடுவித்தவரின் மண்டபத் திறப்பில்! அந்தக் கோடையில் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் தன் 'கிரைசிஸ்' பத்திரிகையில் லிங்கனின் குறைகளையும் முரண்பாடுகளையும் போட்டு உடைத்தார். கோபப்பட்டவர்களில் கறுப்பு வாசகர்களே நிறைய. டுபாய்ஸ் செப்டம்பரில் மறுபடி எழுதினார்: குறையே இல்லாதவர் என்பதற்காக நான் அவரை நேசிக்கவில்லை, குறைகளோடு இருந்தும் அவற்றைத் தாண்டி வந்தார் என்பதற்காக நேசிக்கிறேன். 1968ல் 'எபனி' பத்திரிகையில் லெரோன் பென்னட், லிங்கன் வெள்ளை மேலாண்மைவாதியா என்று கேட்டு எழுதினார். 2000ல் அதைப் பெரிய புத்தகமாகவே ஆக்கினார். ஜேம்ஸ் மக்பர்சன் மாதிரியான வரலாற்றாளர்கள் இன்னொரு பக்கம் நின்று, லிங்கனின் தலைமை இல்லாவிட்டால் போரும் விடுதலையும் இந்த முடிவுக்கு வந்திருக்காது என்றார்கள். அந்த வாதத்தையும் தள்ளிவிட முடியாது. சண்டை இன்னும் ஓயவில்லை. அந்த முட்டி போட்ட சிலையின் நகல் ஒன்று பாஸ்டனில் 1879லிருந்து நின்றது. 2020 டிசம்பரில் அதை எடுத்துவிட்டார்கள். அதே 2020ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் தன் பள்ளி ஒன்றிலிருந்து உட்ரோ வில்சன் பெயரை நீக்கியது. 1913ல் பதவிக்கு வந்ததும் அரசாங்க அலுவலகங்களில் கறுப்பு ஊழியர்களைப் பிரித்து உட்கார வைக்கவிட்ட ஆட்சி வில்சனுடையது. அந்த வருஷம் ஜூலையில்தான் பரோடாவிலிருந்து உதவித்தொகை வாங்கிக்கொண்டு ஓர் இளைஞர் நியூயார்க்கில் கப்பலிறங்கினார். பெயர் பீமாராவ் அம்பேத்கர்.

3

வாத்தியாரின் வாக்கியத்துக்கு இனி வரலாம். கறுப்பருக்கு லிங்கன், உங்களுக்குக் காந்தி. இந்த ஒப்பீட்டை வாத்தியாருக்கு முன்னாலேயே பாபாசாகேப் செய்திருக்கிறார் என்பது எனக்குக் கல்லூரி முடிந்த பிறகுதான் தெரிந்தது. செய்ததோடு தலைகீழாகப் புரட்டியும் போட்டிருக்கிறார்.

1945ல் வந்த அவருடைய நூல், காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன என்பது பற்றியது. அதில் லிங்கன் கிரீலிக்கு எழுதிய அந்தக் கடிதத்தை எடுத்துவைத்துக்கொண்டு பேசுகிறார். மக்களுக்காக மக்களால் என்று முழங்கியவருக்குக் கறுப்பர் விடுதலை நிபந்தனையற்ற கடமையாக இருக்கவில்லை என்று காட்டுகிறார். பிறகு காந்தியைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறார். லிங்கனுக்கு ஒற்றுமை எப்படியோ, காந்திக்குச் சுயராஜ்யம் அப்படி. இருவருக்கும் ஒடுக்கப்பட்டவரின் விடுதலை இரண்டாம் இடத்தில். அதோடு நிற்கவில்லை. ஒரு வித்தியாசம் சொல்கிறார். ஒற்றுமைக்குத் தேவை என்றால் அடிமைகளை விடுவிக்க லிங்கன் தயாராக இருந்தார். சுயராஜ்யத்துக்குத் தேவை என்றாலும் இந்து மதக் கட்டுமானத்தைக் குலைக்கிற அரசியல் விடுதலையைத் தீண்டப்படாதவர்களுக்குத் தரக் காந்தி தயாராக இல்லை. 1932 பூனா ஒப்பந்தத்தின் ரணத்தோடு எழுதியது இது. காந்தியவாதிகள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஒத்துக்கொள்ளவும் இல்லை. ஆனால் லிங்கன் என்கிற பிம்பத்தை இந்த நாட்டில் முதலில் உரசிப் பார்த்தவர்களில் ஒருவர் நம்மவர் என்பதைப் பள்ளிக்கூடம் எனக்குச் சொல்லவில்லை. அடுத்த வருஷம், 1946ல், அவர் டுபாய்சுக்கே கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பர்கள் அய்.நா.வுக்குக் கொடுத்த மனுவின் பிரதி வேண்டும் என்று கேட்டார். தலைவர்களின் சிலைகளுக்குக் கீழே, மனு எழுதுகிறவர்கள் ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டார்கள்.

அதற்கும் முன்னால் மகாத்மா பூலே. 1873ல் வந்த 'குலாம்கிரி'யை அமெரிக்காவின் நல்ல மனிதர்களுக்குச் சமர்ப்பித்தார், அடிமை ஒழிப்புக்காகத் தியாகம் செய்தவர்கள் என்பதற்காக. கவனியுங்கள், ஒரு தலைவருக்குச் சமர்ப்பிக்கவில்லை. மக்களுக்குச் சமர்ப்பித்தார்.

4

"அந்தக் காலத்து மனுஷன இந்தக் காலத்து அளவால அளக்கலாமா?" என்றார் வாத்தியார் கிழங்குக்குக் காசு கொடுத்துக்கொண்டே. அமெரிக்காவிலும் இதைத்தான் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அந்தக் காலம் என்பது யாருடைய காலம்? 1796ல் ஓனா ஜட்ஜ் என்ற அடிமைப் பெண் வாஷிங்டன் வீட்டிலிருந்து, அவர் பதவியில் இருக்கும்போதே, கப்பலேறித் தப்பித்துப் போனாள். ஆள்விட்டுத் தேடினார். கடைசிவரை அவள் திரும்பவில்லை. ஓனாவும் அந்தக் காலத்து மனுஷிதான். படகேறின அந்த மூன்று பேரும் அந்தக் காலத்தவர்கள். டக்ளசும் அந்தக் காலத்தவர். இந்தக் காலத்து அளவுகோல் என்று நாம் நினைப்பது அவர்கள் கையில் அப்போதே இருந்தது. அவர்களைக் காலத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

இதை அமெரிக்காவுக்குப் போய்த் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நாங்கள் நின்ற இடத்திலிருந்தே பார்க்கலாம். பெரிய மார்க்கெட்டுக்கு ஒரு பக்கம் நேரு வீதி. பிரெஞ்சுக்காரன் காலத்தில் அது கவர்னர் டூப்ளே பெயரில் இருந்தது. இன்னொரு பக்கம் டூப்ளேயின் துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளை பெயரில் வீதி. மார்க்கெட்டுக்கே அரசாங்கப் பெயர் குபேர் மார்க்கெட். ஒரு கீரைக்கட்டு வாங்கப் போனால் மூன்று பெரிய மனிதர்களைத் தாண்டிப் போக வேண்டும்.

பிள்ளையின் நாட்குறிப்பு 1736லிருந்து 1761 வரை போகிறது. எம்.ஏ. தமிழில் உரைநடை வரலாறு பாடத்தில் அவர் பெயர் வந்தது. பரீட்சைக்கு எழுதினேன். அந்த நாட்குறிப்பில் 1743ல் ஏமாற்றி ஆள்பிடித்து, அடிமைகளாகக் கப்பலேற்றி விற்ற கும்பல் பற்றிய விவரம் இருப்பது பாடத்தில் வரவில்லை. இந்தக் கரையிலிருந்து மொரிசியசுக்கும் ரீயூனியனுக்கும் நம் சனங்கள் அடிமைகளாகப் போனார்கள். 1848ல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. அங்கேயும் நஷ்டஈடு ஆண்டைகளுக்குத்தான். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே? 1853லிருந்து மார்த்தினிக்குக்கும், அடுத்த வருஷத்திலிருந்து குவாதலூப்புக்கும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். அங்கே கட்டு அவிழ்ந்தது, இங்கே கயிறு நீண்டது.

அதே நாட்குறிப்பில் 1745 அக்டோபரில் இன்னொரு செய்தி. மார்க்கெட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற சம்பா கோயில். அன்றைக்கு இருந்த மாதாகோயில் கட்டிடத்தின் உள்ளே ஒரு சுவர் இருந்தது. அந்தப் பக்கம் சாதிக் கிறிஸ்தவர்கள், இந்தப் பக்கம் பறைச்சேரிக் கிறிஸ்தவர்கள். சேரி சனங்கள் சாமியாரிடம் போய் முறையிட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். விவகாரம் கவர்னர் டூப்ளே வரை போனது. வாத்தியாருக்கு நான் சொன்னது இதைத்தான்: "சார், 1745. வாஷிங்டனுக்கு அப்ப 13 வயசு. அந்தக் காலத்துல யாரும் கேக்கலன்னு சொல்லாதீங்க. இதோ, நடந்தா அஞ்சு நிமிஷம்."

முறையிட்டவர்களின் பெயர் எந்த வீதிக்கும் இல்லை.

1873, 'குலாம்கிரி' வந்த அதே வருஷம், இந்த ஊரில் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் அய்ரோப்பியர் மாதிரி செருப்பணிந்து நீதிமன்றத்துக்குள் வந்தார் என்பதற்காகத் தடுக்கப்பட்டார். பாரீஸ் வரை வழக்குப் போட்டு ஜெயித்தார். 1881 செப்டம்பரில் ஒரு சட்டம் வந்தது. தன் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வரலாம், புதுக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளலாம். பொன்னுத்தம்பி 'லபோர்த்' என்று வைத்துக்கொண்டார். வாசல் என்று அர்த்தம். அவர் வேளாளர். ஆனால் அந்த வாசலில் முண்டியடித்து நுழைந்தவர்களில் சேரி சனங்கள் நிறைய. சாதி இந்துத் தலைவர்கள் அதை எதிர்த்தார்கள். எங்கள் தெருவிலும் 'சொல்தா' வீடு உண்டு. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோ-சீனா போய், பென்ஷனோடு திரும்பியவர்களின் வீடு. அங்கே போய் அவர்கள் யாரைக் கட்டி வைத்தார்கள் என்ற கேள்வியும் ஆயாவின் கேள்விக்குள் இருக்கிறது. தப்பிக்க முடியாது.

மூன்றாவது பெயர் குபேர். பிரெஞ்சிந்திய சோசலிஸ்ட் கட்சித் தலைவர். பிரெஞ்சுப் பக்கம் நின்றவர், பாரீஸ் நாடாளுமன்ற உறுப்பினர். 1954 மார்ச்சில் இந்தியாவோடு இணைய வேண்டும் என்று திரும்பினார். 1954 அக்டோபர் 18ந் தேதி கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடினார்கள். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. சனங்களிடம் நேராக ஓட்டு எடுக்கவில்லை. 1963ல் குபேர் முதல் முதலமைச்சர். கடற்கரைச் சாலைக்கும் மார்க்கெட்டுக்கும் அவர் பெயர். விடுதலை தந்தவர் என்று ஒரு கூட்டம், காற்றடித்த பக்கம் சாய்ந்தவர் என்று ஒரு கூட்டம். மில் தொழிலாளிகளும் கட்சிக்காரர்களும் வருஷக்கணக்காகத் தள்ளித் தள்ளி அந்தப் பக்கம் கொண்டுபோன கதவை அவர் கடைசியில் வந்து திறந்தார் என்றுதான் எனக்குப் படுகிறது. லிங்கன் கதை மாதிரியேதான்.

5

அப்படியானால் எல்லாப் பெயரையும் அழித்துவிடலாமா, எல்லாச் சிலையையும் இடித்துவிடலாமா என்றால், எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. டூப்ளே வீதி நேரு வீதி ஆனதால் ஆயாவின் சாக்கு மார்க்கெட் உள்ளே போய்விடவில்லை. பெயரை மாற்றுவது சுலபம். முட்டி போட்டவனை எழுப்பி நிறுத்திக் கதையைத் திருப்பிச் சொல்வதுதான் கஷ்டம்.

இந்த அளவுகோலை அடுத்தவன் தலைவருக்கு மட்டும் எடுத்தால் அது யோக்கியமில்லை. நாமும் சிலை வைக்கிறோம், மாலை போடுகிறோம், கூண்டு கட்டிப் பூட்டு போடுகிறோம். (ஏன் கூண்டு என்பது எல்லாருக்கும் தெரியும்.) பாபாசாகேப் 1949 நவம்பர் 25ந் தேதி அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது, மதத்தில் பக்தி மோட்சத்துக்கு வழியாக இருக்கலாம், அரசியலில் பக்தி வீழ்ச்சிக்கும் கடைசியில் சர்வாதிகாரத்துக்கும் வழி என்று எச்சரித்தார். அதைச் சொன்னவருக்கே நாம் பக்தர்களாகிவிட்டால் அவரைப் படிக்கவில்லை என்று அர்த்தம். நம் இயக்கத்து மேடைகளில் பெண்கள் எங்கே உட்காருகிறார்கள், அருந்ததியத் தோழர்கள் எந்த வரிசையில் இருக்கிறார்கள் என்று நம் பிள்ளைகள் நாளைக்குக் கேட்பார்கள். "அந்தக் காலத்துல அப்படித்தான்" என்று நாம் சொன்னால், அன்றைக்கே கேட்டவர்கள் இருந்தார்களே என்று எடுத்துக் காட்டுவார்கள். காட்டட்டும்.

வாத்தியாரிடம் இவ்வளவையும் மார்க்கெட்டில் நின்று சொல்லிவிடவில்லை. பாதி சொன்னேன். அவர் முகம் இறுகிப்போய், "அம்பேத்கர் லிங்கனப் பத்தி எழுதியிருக்காருன்னியே, அந்தப் புத்தகம் இருக்கா?" என்றார். தமிழில் வந்திருக்கிற தொகுதியை அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து அதே இடத்தில் பார்த்தேன். புத்தகத்தில் அங்கங்கே பஸ் டிக்கெட் செருகி அடையாளம் வைத்திருந்தார்.

"லிங்கனப் பத்திச் சொல்றது சரிதான். அந்தக் கடுதாசிய நான் படிச்சதில்ல. ஆனா காந்தியப் பத்திச் சொல்றத என்னால ஒத்துக்க முடியாதுப்பா."

"ஒத்துக்க வேணாம் சார். சண்ட போடுவோம்."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "அன்னைக்கு உங்க சனங்கன்னு சொன்னேனா நான்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மறுக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. ரங்கப்பிள்ளை வீதிப் பக்கம் ஆயா உட்கார்ந்த இடத்தில் இப்போது வேறொரு அம்மா சாக்கு விரித்திருக்கிறார். வாத்தியார் அவரிடம் ரெண்டு கட்டு அரைக்கீரை வாங்கினார். அடிக்காசுக்காரர் வந்து அந்த அம்மாவிடம் கை நீட்டினார். நாங்கள் டீக்கடைக்கு நடந்தோம், பூனா ஒப்பந்தத்தில் ஆரம்பித்து.